147-ஆம் பிளாக்கின் சொந்தக்காரி

ஒரு மீட்டர் எண்பத்தொன்பது சென்டிமீட்டர். இருபத்தொரு ஆண்டுகளில் அவர் வெட்டிய திசுச் சீவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் அது. நாளைக்குத் தொண்ணூறு சீவல், ஆண்டுக்கு இருநூற்றைம்பது வேலை நாள். ஒவ்வொரு சீவலின் கனமும் நான்கு மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். மதிய இடைவேளையில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தவர், டிபன் பாக்ஸைக்கூட மூடாமல் கணவருக்குப் போன் செய்தார்.

"நீங்க ஒண்ணு எழுபத்தெட்டுதானே? என் வேலை உங்களைவிட பதினோரு சென்டிமீட்டர் ஒசரம். இனிமே நிமிந்து பாத்துப் பேசுங்க."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் இப்ப ஆறாவது மாடியில கயித்தப் புடிச்சுத் தொங்கிட்டிருக்கேன். யாரு ஒசரம்னு சாயந்திரம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் மெல்லிசு என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை; வெட்டைப் பார்த்து வைத்தது. ஆள் கனமானவர், சிரித்தால் நாற்காலி நகரும். பதிவேட்டில் நான்கு சொற்களில் ஒரு நீளமான பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் மாதம் ஒருமுறை வெளியே வந்து போகும்.

அவர் வேலை நோய்க்கூறு ஆய்வகத்தின் வெட்டும் அறையில். அறுவை அரங்கிலிருந்து வரும் திசுவை மெழுகில் புதைத்து, தீப்பெட்டியில் பாதி அளவுள்ள பிளாக்காக உறைய வைப்பார்கள். அந்தப் பிளாக்கை மைக்ரோடோம் என்ற எந்திரத்தில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினால், கத்தி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சீவல் எடுக்கும். சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் ஸ்லைடு என்ற கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுக்க வேண்டும். ஊதினால் பறந்துவிடும்; தும்மினால் காணாமல் போகும். மெல்லிசு தும்மலை அடக்கியே பழகியவர். வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து பார்ப்பார்கள்; அத்தனையும் சேர்த்து வைத்தது.

சென்ற ஆண்டு அந்த ஆய்வகத்துக்கு ஒரு பெரிய வேலை வந்தது. எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் பிளாக்குகளைக் கிடங்கிலிருந்து எடுத்து, புதிதாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு பிளாக். ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவுக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, கட்டிக்குள் அந்தப் பெண்ணின் நோய் எதிர்ப்புப் படை எவ்வளவு தூரம் நுழைந்திருந்தது? கெட்ட செல்லைக் கண்டால் கொல்லும் டி செல்கள் இந்தச் சாயத்தில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும், எண்ணிவிடலாம். இரண்டு, நோயைக் கொண்டுவந்த வைரஸின் மரபணு செல்லுக்குள் தனியாகத் திரிகிறதா, அல்லது செல்லின் சொந்த மரபணுவுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்துகிறதா? இந்த இரண்டையும் வைத்து, யாருக்கு நோய் திரும்பும், யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

வெட்டும் அறைக்கு வருவதில் பெயர் கிடையாது, எண் மட்டும். ஆனால் மனிதருக்குப் பெயர் வைக்காமல் இருக்க முடிந்தாலும் பிளாக்குக்கு வைக்காமல் இருக்க மெல்லிசால் முடியாது. மெழுகுக்குள் திசு தெரியும் வடிவத்தைப் பார்த்து வைத்துவிடுவார். 12 வாத்து. 88 இடதுகால் செருப்பு. 130 பிரிவுத் தலைவரின் மூக்கு. இதைத் தலைவரிடமே காட்டி ஒப்புதலும் வாங்கியாயிற்று. 147 வெறும் நகத்துண்டு. ஓரத்தில் ஒரு பிறை மாதிரி மெல்லியதாக ஒட்டிக்கொண்டிருந்தது.

63-க்கு அவர் பெயர் வைக்கவில்லை. அது வட்டமாக, நிறைவாக, சட்டைப் பொத்தான் மாதிரி அழகாக இருந்தது. சாயமேற்றி எடுத்தால் பழுப்புப் புள்ளிகள் திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்து நின்றன. அதைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டார்: இது நான்தான்.

ஆமாம், அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் அவரும் ஒருவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், முப்பத்தேழு வயதில், இதே ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் படுத்திருந்தார். அவர் உடம்பிலிருந்து எடுத்தது இதே ஆய்வகத்துக்குத்தான் வந்தது. வெட்டும் அறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: தன்னுடையதையோ தன் வீட்டாருடையதையோ யாரும் தொடக்கூடாது. அதனால் பிரிவுத் தலைவர் எல்லாவற்றையும் தானே செய்து முடித்தார். அப்போது அவர் தலைவர் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர். விஷயம் தெரிந்த மற்றவர்கள் ஓய்வு பெற்றும் மாற்றலாகியும் போய்விட்டார்கள். இன்று தலைவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மெல்லிசும் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் எல்லோரும் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மெதுவாகப் பேசுகிறவர்களோடு அவருக்கு ஒத்துவராது.

ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா எல்லோரையும் கூட்டி வைத்து, திரையில் ஒரு படம் காட்டினார். இரண்டு கோடுகள். பழுப்புப் புள்ளிகள் நிறைய இருந்த பெண்களின் கோடு, ஆண்டுக்காண்டு கொஞ்சம்தான் தாழ்ந்தது. புள்ளிகள் குறைந்த பெண்களின் கோடு மாடிப்படி மாதிரி தடதடவென்று இறங்கியது.

"இன்னும் முடியல" என்றார் டாக்டரம்மா. "ஒன்பது பேரைப் பத்தி நமக்குத் தகவலே இல்ல. முக்கியமா இந்த 147. வைரஸ் மரபணு உள்ள புகுந்திருக்கு, டி செல் கிட்டத்தட்ட பூஜ்யம். அஞ்சு வருஷம் ஒழுங்கா வந்திருக்காங்க, ஆறாவது வருஷமும் வந்திருக்காங்க. அப்புறம் மூணு வருஷமா ஆளே காணோம். இருக்காங்களா, இல்லையான்னு தெரிஞ்சாகணும்."

"நகத்துண்டு பாவம்" என்றார் மெல்லிசு, பக்கத்திலிருந்தவர் காதில்.

காணாமல் போனவர்களைத் தேடும் பொறுப்பு போன்காரருடையது. முப்பத்தைந்து வயது, முன்பு ஒரு வங்கியில் கடன் அட்டை விற்றவர். ஆய்வுக்காக வந்ததும் குரலை மாற்றிக்கொண்டார். துக்கம் விசாரிக்கிற குரல் ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். அந்தக் குரலில் மணி கேட்டாலும் நமக்குக் கண் கலங்கும். அவருக்கென்று அறை இல்லாததால் வெட்டும் அறையின் மூலையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், லேண்ட்லைனும் ஒரு பட்டியலுமாக உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால். மெல்லிசு மைக்ரோடோம் முன்னால்.

"அக்கா, கொஞ்சம் சக்கரத்த நிறுத்துங்க. 147-க்குப் போடப்போறேன்" என்றார் போன்காரர். "இந்த மாதிரி கேஸ்ல பெரும்பாலும் பையனோ பொண்ணோதான் எடுப்பாங்க. பின்னாடி எந்திரச் சத்தம் கேட்டா நல்லா இருக்காது."

"போடு தம்பி, போடு. நான் மூச்சே விடல."

போன்காரர் பட்டியலைப் பார்த்து எண்களை அழுத்தினார். கண்ணை மூடி, குரலைச் சரி செய்துகொண்டார். மெல்லிசின் கோட்டுப் பையில் போன் அடித்தது.

"அக்கா! சைலண்ட்ல போடுங்கன்னு எத்தன தடவ!"

"இரு, இரு. யாரோ ஆபீஸ் நம்பர்லேருந்து." கையுறையைக் கழற்றி எடுத்தார். "ஹலோ?"

"வணக்கம்மா" என்றார் போன்காரர் லேண்ட்லைனில், கண்ணைத் திறக்காமல். "இந்த நேரத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். இந்த நம்பர் வச்சிருந்தவங்க..." நான்கு சொல் பெயரையும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு விட்டு, படித்தார். "அவங்க... இப்ப... இருக்காங்களா?"

மெல்லிசுக்கு அந்தப் பெயர் இரண்டு திசையிலிருந்து கேட்டது. ஒன்று காதில், இன்னொன்று ஃப்ரிட்ஜ் பக்கம்.

"இருக்காங்க" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்மா. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"ரொம்ப நெருக்கம்."

"அவங்ககிட்ட ஒரு வார்த்த பேச முடியுமா?"

"திரும்பிப் பாத்தா பேசலாம், தம்பி."

போன்காரர் கண்ணைத் திறந்தார். ரிசீவரைப் பார்த்தார். மெல்லிசைப் பார்த்தார். மறுபடி ரிசீவரைப் பார்த்தார். அதற்குள் மெல்லிசுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. நாற்காலி இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த நான்கு சீவல்களும் அலையில் மடிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. போன்காரரும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலே முதலில், பிறகு தெரிந்து, பிறகு நிறுத்த முடியாமல். சத்தம் கேட்டு உள்ளே வந்த பிரிவுத் தலைவர், என்னவென்று கேட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"செத்தவகிட்டயே ஸ்லைடு வெட்டித் தாங்கன்னு மாசக்கணக்கா கேட்டுட்டிருக்கீங்களேடா!" என்றார் மெல்லிசு கண்ணைத் துடைத்தபடி.

போன்காரர் ஒருவழியாகப் பேனாவை எடுத்தார். "உயிரோடு இருக்கிறார்" என்ற கட்டத்தில் ஒரு டிக். அது பெரியதாக, பக்கத்துக் கட்டத்தையும் தொட்டுக்கொண்டு விழுந்தது. "அடுத்த கேள்விக்கா. நோய் இருக்கா, இல்லையா? கடைசியா எப்ப செக்கப்புக்குப் போனீங்க?"

சிரிப்பு அங்கே நின்றது.

"அத அப்புறம் எழுதிக்கலாம் தம்பி" என்றார் மெல்லிசு. மடிந்த சீவல்களைத் தண்ணீரிலிருந்து டிஷ்யூ தாளால் ஒற்றி எடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் இரண்டாவது விஷயம் உறைத்தது. அவர் 63 இல்லை. அவர் 147. பொத்தான் இல்லை, நகத்துண்டு. டி செல் கிட்டத்தட்ட பூஜ்யம். மாடிப்படிக் கோட்டில் நிற்கிற ஆள்.

சாயந்திரம் வீட்டில் கணவர் லிஃப்ட் கதவின் ரோலர் ஒன்றைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் கதையை மெல்லிசு நடித்தே காட்டினார்; கண்ணை மூடி, குரலைத் தாழ்த்தி. உருண்டோடப் பார்த்த ரோலரை எட்டிப் பிடித்தபடி கணவர் சிரித்தார்.

"அப்புறம் அந்தப் பையன் என்னதான் சொன்னான்?"

"ஆறு வருஷத்துக்கப்புறம் நான் ஆளே காணோம்னு எழுதியிருக்காம்."

"அதெப்படி? போன வருஷமும் போயிட்டு வந்தியே. எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாங்கன்னியே."

மெல்லிசு ரோலரைத் தேடுகிற மாதிரி மேசைக்கடியில் குனிந்தார்.

"மேல வா."

"கிடைக்கல."

"என் கையில இருக்கு. மேல வா."

வந்தார்.

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமாத்தான்."

கணவர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "நான் மூணு வருஷமா அந்த ஒரு நாளு மட்டும் ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து ஸ்வீட் வாங்கி வச்சேனே" என்றார். "அதையும் தின்னுருக்க."

"தின்னேன்."

"முழுசா."

"எனக்குப் பயமாயிருந்துச்சுங்க. மத்தவங்களோடத நாள்பூரா வெட்டறேன். ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தரு. ஆறாவது வருஷம் போயிட்டு, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அந்த ஒரு வாரம்... ஒவ்வொரு ஸ்லைடுலயும் என் முகம் தெரிஞ்சுச்சு. அடுத்த வருஷம் தேதிய மறந்த மாதிரி இருந்துட்டேன். மறந்த மாதிரி இருக்கறது ரொம்ப சுலபமா இருந்துச்சு."

கணவர் ரோலரை மேசையில் வைத்தார். "லிஃப்ட்ட செக் பண்ணாம 'நல்லா ஓடுது'ன்னு கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப நாளைக்குப் போற. வேல அதிகம், மெஷின் ரிப்பேர்னு கத வேணாம்."

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மெல்லிசு ஆய்வகத்துக்கு வந்தார். புறநோயாளிப் பிரிவுக்குப் போகவில்லை. நேராகக் கிடங்குப் பெட்டியைத் திறந்து 147-ஐ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதல் முறையாக அதை மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தார்.

திசு சாய்ந்திருந்தது. வீட்டுக்குள் நுழையாமல் வாசற்படியில் சறுக்கி விழுந்தவர் மாதிரி, ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் மெழுகின் அடியாழத்தில். கத்தி இதுவரை தொட்டது மேலே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பை மட்டும்தான். பிறை அதனால்தான் பிறை. மீதி முழுவதும் உள்ளே பத்திரமாகக் கிடந்தது.

"அண்ணே!"

பிரிவுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். பிளாக்கைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் போன போக்கில், அது என்னவென்று முன்னாலேயே தெரிந்தவர் மாதிரி இருந்தது.

"முப்பத்து மூணு வருஷத்துல நீங்க புதைச்ச திசு ஒண்ணாவது கோணியிருக்கா?" என்றார் மெல்லிசு.

"இல்ல."

"அப்ப இது?"

"அன்னிக்கு மெழுகு ஊத்தறப்போ சரியா கண்ணு தெரியல."

"கண்ணாடி போட்டிருந்தீங்களே?"

"கண்ணாடிக்குள்ள தண்ணி."

"அழுதீங்களாண்ணே?"

"மெழுகு ஆவி பட்டுச்சு."

"மெழுகு ஆவி! இருவது வருஷமா பக்கத்துல ஒக்காந்திருக்கேன், ஒரு நாளும் படாத ஆவி அன்னிக்கு மட்டும் பட்டுச்சாக்கும்!"

"உன்னோடது அஞ்சு பிளாக் இருந்துச்சு" என்றார் தலைவர் தரையைப் பார்த்து. "நாலு ஒழுங்கா வச்சேன். நோயக் கண்டுபிடிக்க அதுவே போதும், அதுல எந்தத் தப்பும் இல்ல. அஞ்சாவதுதான் இது. ஆய்வுக்கு எடுக்கறப்போ இதப் போய் எடுத்திருக்காங்க."

தவறில் பாதி மெல்லிசுடையதுதான். ஆய்வு தொடங்கும்போது டாக்டரம்மா சொன்ன ஒரே கட்டளை, பிளாக்கை வீணாக்காதே என்பது. இன்னும் பல சோதனைகளுக்குத் திசு வேண்டும். இந்தச் சிக்கனத்தில் மெல்லிசை மிஞ்ச ஆள் கிடையாது. கிழியாத முதல் சீவல் வந்ததும் நிறுத்திவிடுவார். நாற்பது மைக்ரான் உள்ளே போயிருந்தால் கதை தெரிந்திருக்கும். அவர் பன்னிரண்டு மைக்ரானோடு நிறுத்தி, அதற்காகப் பாராட்டும் வாங்கியிருந்தார்.

டாக்டரம்மாவிடம் இருவரும் போய் நின்றார்கள், ஜன்னல் கண்ணாடியை உடைத்த பிள்ளைகள் மாதிரி. அவர் பிளாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெல்லிசைப் பார்த்தார். முதலில் கோபம் வந்தது, பிறகு ஆர்வம் வந்து கோபத்தைத் தள்ளிவிட்டு நின்றது.

"147 நீயா?"

"நான்தான் மேடம்."

"ஒரு வருஷமா உன்னத் தேடிட்டிருக்கேன். தெனமும் காலைல எனக்கு வணக்கம் வேற சொல்லிட்டிருக்க." நாற்காலியில் சாய்ந்தார். "சரி. மறுபடி வெட்டணும். ஆனா நீ தொடாத. எண்ணறதும் நான் இல்ல. யாரோடதுன்னு தெரியாத வேற டாக்டர் எண்ணட்டும்."

"அப்ப நான் வெட்டறேன்" என்றார் தலைவர் சட்டென்று. "ஒரு தடவ ஒழுங்கா பண்ணிடறேன்."

"சாயம் ஏத்தி எடுக்க எவ்வளவு நேரம்?" என்று மெல்லிசு கேட்டார். தெரியாமல் இல்லை.

"மூணு மணி நேரம். ஏன்?"

"அது வந்ததும் பாத்துட்டு, அப்புறமா கீழ செக்கப்புக்குப் போலாம்னு..."

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "நல்லா கேளு. புள்ளி நிறைய இருந்தா போகாம இருந்துடுவ. கம்மியா இருந்தா பயந்துட்டுப் போகாம இருந்துடுவ. அந்தக் கோடு கூட்டத்துக்குப் போட்டது. இருநூறு பேருல எத்தன பேரு என்னாவாங்கன்னு சொல்லும். நீ ஒருத்தி என்னாவன்னு அதுக்குத் தெரியாது. ஒன்பது வருஷமா உன் உடம்பு ஏதோ ஒரு பதில் சொல்லிட்டிருக்கு. அத என்னன்னு கேக்கத்தான் கீழ ஒரு டாக்டர் ஒக்காந்திருக்காங்க. பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்க. போ."

போனார். வரிசையில் முன்னால் ஏழு பேர். மெல்லிசு எதிரே இருந்த அம்மாளிடம் தன் வேலையின் உயரத்தைச் சொன்னார். பக்கத்திலிருந்த பெண்ணிடம் 130 என்ற மூக்கைப் பற்றிச் சொன்னார். பயம் வந்தால் சிலர் பேச மாட்டார்கள். இவருக்கு வாய் நிற்காது. பெஞ்சே குலுங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் வெளியே வந்து, "இது கேன்சர் ஓ.பி.யா, கல்யாண மண்டபமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பரிசோதனைக் கட்டிலில் படுத்ததும் சிரிப்பு இன்னும் மோசமானது.

"ஆடாதீங்க" என்றார் அந்த டாக்டர்.

"சரிங்க மேடம்."

"சிரிக்காதீங்க. சிரிச்சா ஆடுது."

"நிறுத்தப் பாக்கறேன் மேடம். நேத்து காலைல வரைக்கும் நான் இருக்கேனா இல்லையான்னு இந்த ஆஸ்பத்திரியிலயே தெரியாம இருந்துச்சு. அத நெனச்சா..."

நர்ஸும் சிரிக்க ஆரம்பித்தார். டாக்டர் விளக்கைச் சற்று விலக்கி, பத்து வரை எண்ணச் சொன்னார். மெல்லிசு எண்ணினார். ஏழில் குரல் உடைந்தது. அது சிரிப்பா வேறொன்றா என்று நர்ஸ் கேட்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார். பத்தில் டாக்டர் வேலையை ஆரம்பித்து, நான்கு நிமிடத்தில் முடித்தார்.

"கண்ணுக்கும் கைக்கும் எதுவும் தட்டுப்படல" என்றார். "தழும்பு சுத்தமா இருக்கு. ஸ்மியருக்குக் கொஞ்சம் செல் சுரண்டி எடுத்திருக்கேன், வைரஸ் டெஸ்ட்டும் சேத்து. ஒரு வாரத்துல ரிப்போர்ட் வரும். மூணு வருஷம் எங்க போயிருந்தீங்க?"

"மேலதான் மேடம். மூணாவது மாடி."

அவர் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு. தலைவர் மைக்ரோடோமைவிட்டு எழுந்து சாய எந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார், அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி. அறுபத்தெட்டு மைக்ரான் உள்ளே போயிருந்தார். பிறை முதலில் பாதி நிலாவாகி, பிறகு அகன்று, கடைசியில் ஒரு முழுக் கால் உறை ஆகியிருந்தது. குதிகால், விரல், எல்லாம் சேர்த்து.

"கால் உறை!" என்றார் மெல்லிசு. "ஒன்பது வருஷமா நான் ஒரு கால் உறையாண்ணே!"

சாயம் முடிந்து ஸ்லைடு வெளியே வந்ததும், எண்ணவேண்டிய வேறு டாக்டர் அதைத் தன் அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாற்பது நிமிடம். போன்காரர் மூன்று முறை டீ கொண்டுவந்தார், மூன்று முறையும் தானே குடித்தார். கதவு திறந்தது. தாளை வாங்கிய டாக்டரம்மா தன் மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடைப் பொருத்திவிட்டு, எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

மெல்லிசு குனிந்து பார்த்தார். கால் உறையின் விளிம்பில் ஏறக்குறைய வெறுமை. அந்த ஓரத்தைத்தான் இத்தனை நாள் எண்ணியிருந்தார்கள். அதைத் தாண்டி உள்ளே நகர்த்தினால், பழுப்பு. சந்து பொந்தெல்லாம் பழுப்பு. ஒவ்வொரு தீவாக நின்ற கெட்ட செல் கூட்டத்துக்குள்ளும் புகுந்து, முட்டித் தள்ளிக்கொண்டு, இடமில்லாமல் ஒன்றன் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன டி செல்கள். 63-இல் கூட இவ்வளவு இல்லை.

"இவங்கள்லாம் எனக்காகவா வந்தாங்க?" என்றார், கண்ணை எடுக்காமல்.

"வேற யாருக்கு?" என்றார் டாக்டரம்மா. "வைரஸ் மரபணு விஷயம் மாறல, அது உள்ள புகுந்ததுதான். இது ஒண்ணுதான் மாறியிருக்கு. எதனால தப்பிச்சேன்னு இத வச்சு மட்டும் சொல்லிட முடியாது. அறுவையும் நல்லா நடந்திருக்கு. ஆனா பாக்கறதுக்கு நல்லா இருக்கு, இல்ல?"

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. சீவல் சிறிதாக இருந்ததாகக் குறிக்கப்பட்ட மற்ற எல்லாப் பிளாக்குகளையும் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. பத்தொன்பதில் நான்கு சாய்ந்திருந்தன. அந்த நான்கும் வேறு யாரோ புதைத்தவை என்று தலைவர் மூன்று முறை சொன்னார். கட்டுரையில் இந்தப் பிழையை ஒரு பத்தியாக எழுதியே தீர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, "மெழுகு ஆவின்னு போடுங்க மேடம்" என்றார் மெல்லிசு. தலைவர் அந்த நாள் முழுக்க அவரோடு பேசவில்லை.

ஸ்மியருக்கான ஒரு வாரம் மட்டும் வேகமாகப் போகவில்லை. மெல்லிசு வெள்ளிக்கிழமை இரண்டு முறை கையுறையைக் கை மாற்றிப் போட்டார். சனிக்கிழமை எந்திரத்தை நான்குக்குப் பதில் மூன்று மைக்ரானில் வைத்து அரைமணி நேரம் வெட்டிவிட்டு, சாயம் ஏன் வெளிறிப்போகிறது என்று எல்லோரையும் திட்டினார். இந்த முறை ஸ்லைடில் தன் முகம் தெரிந்தபோதெல்லாம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். அவர், "எந்தப் பக்கம் பாத்துட்டிருந்துச்சு?" என்று கேட்பார். அதற்குப் பதில் யோசிப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.

அடுத்த புதன்கிழமை காலை ரிப்போர்ட் வந்தது. போன்காரர் கையெழுத்தைச் சரிபார்த்து, தன் பட்டியலில் 147-க்கு நேரே எழுதினார்: மாறுபட்ட செல்கள் இல்லை, வைரஸ் இல்லை, ஒன்பதாம் ஆண்டு, நோயின்றி இருக்கிறார். எழுதியதைத் தன் துக்கக் குரலில் உரக்கப் படித்தார். அந்தக் குரலை விட்டால் அவரிடம் வேறு குரல் இல்லை. மெல்லிசு அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். போன்காரர் எடை குறைவு, உயரே போய்விட்டார். இறக்கியபோது ஒரு செருப்பு ஃப்ரிட்ஜுக்கு அடியில் இருந்தது.

கணவருக்குப் போன் போட்டபோது அவர் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் இருந்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். பிறகு, "ரிப்போர்ட்ட வீட்டுக்குக் கொண்டா. நான் படிக்கணும்" என்றார்.

அடுத்த பரிசோதனை பன்னிரண்டு மாதம் கழித்து, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு. அந்த நாளுக்குக் கணவர் இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்.